மறைந்த அரசியாருக்கு இனி கிரீடம் வேண்டாம்: ராயல் மின்ட் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனின் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட்டுக்கு நாணய வடிவங்கள் பற்றி ஆலோசனை சொல்பவர்கள் நீங்கள். மறைந்த அரசியார் இரண்டாம் எலிசபெத்தின் நினைவாக இனி எந்தச் சேகரிப்பு நாணயத்தின் வடிவத்துக்கு நீங்கள் ஒப்புதல் அளித்தாலும், அதில் அவர் தலையில் கிரீடம் வைக்காதீர்கள். டியாராவும் வேண்டாம், வைரம் பதித்த நெற்றிப்பட்டமும் வேண்டாம். தொண்ணூறு வயதைக் கடந்த அந்த முகத்தை, கன்னத்துச் சுருக்கங்களோடும் நரைத்த சுருள்கூந்தலோடும், இருந்தபடியே பதியுங்கள். இந்த ஒன்றைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் சிற்பி அல்லன். மலாயாவில் வேர்விட்ட ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து லண்டனில் வாழும் நாணயச் சேகரிப்பாளன். அரசியாரின் முகம் தாங்கிய காசுகளைப் பல நாடுகளிலிருந்தும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது தெரிவதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரசியார் பிறந்து 2026 ஏப்ரல் 21-ஆம் நாளுடன் நூறு ஆண்டுகள் ஆகின்றன. அரியணை ஏறியதற்கும் முடிசூட்டிக்கொண்டதற்கும் உரிய ஆண்டு நிறைவுகளும் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் நாணயம் கேட்டு உங்கள் மேசைக்கு வரைபடங்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

பூவா தலையா என்று சுண்டிப் பார்க்கும் காசில், தலைப் பக்கம் ஆள்பவருக்கு உரியது. இது உங்கள் நாட்டின் நெடுநாள் வழக்கம். 2022 செப்டம்பர் 8-ஆம் நாள் பால்மோரலில் அரசியார் மறைந்ததும் அந்தப் பக்கம் மூன்றாம் சார்லஸுக்குப் போய்விட்டது. அவ்வாண்டு வெளிவந்த ஐந்து பவுண்டு நினைவு நாணயத்தில் ஒருபுறம் மார்ட்டின் ஜென்னிங்ஸ் செய்த மன்னரின் தலை. மறுபுறம் ஜான் பெர்க்டால் வடித்த அரசியாரின் இரண்டு புதிய உருவங்கள். எழுபது ஆண்டுகள் தலைப் பக்கத்தில் இருந்தவர் பூப் பக்கத்துக்கு மாறினார்.

இந்த இடமாற்றத்தை வெறும் சம்பிரதாயமாக நான் பார்க்கவில்லை. இடம் மாறும்போது உருவத்தின் பொருளும் மாறிவிடுகிறது. தலைப் பக்கத்து முகம் 'இந்தக் காசை வெளியிடுபவர் யார்' என்று சொல்லும். அதிகாரத்தின் அடையாளம் அது. கிரீடத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. பூப் பக்கத்தில் இருப்பவரோ காசை வெளியிடுபவர் அல்லர், அந்தக் காசால் நினைக்கப்படுபவர். 1965-இல் சர்ச்சில் அங்கே இடம்பெற்றார், ஆஸ்கர் நெமன் செய்த உருவமாக. 2021-இல் இளவரசர் பிலிப் அங்கே வந்தார். அவர் உயிரோடு இருக்கையில், 2008-இலேயே பார்த்து ஒப்புக்கொண்ட இயன் ரேங்க் பிராட்லியின் உருவம் அது. இவர்களை நாம் மனிதர்களாகத்தான் பார்த்தோம். அரசியாரை மட்டும் அந்தப் பக்கத்திலும் அதிகாரச் சின்னமாகவே நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆளும் மன்னர் வெறுந்தலையோடு ஒருபுறம் இருக்க, ஆட்சி முடிந்து மறைந்தவர் மறுபுறம் அணிமணிகளைச் சுமந்து நிற்பது பொருத்தமாகவும் இல்லை.

அரசியாரின் முதல் நாணய உருவத்தை நினைத்துப் பாருங்கள். 1952-இல் 17 சிற்பிகளின் படைப்புகளிலிருந்து தேர்வானவர் மேரி கில்லிக். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். இருபத்தாறு வயது அரசியை அவர் கிரீடம் இல்லாமல் செய்தார். கூந்தலில் ஓர் இலைமாலை, பின்னால் அதைக் கட்டிய ரிப்பன், திறந்த கழுத்து, தோளில் ஆடையின் மெல்லிய நாடா, அவ்வளவுதான். புடைப்பு, அதாவது காசின் பரப்பிலிருந்து உருவம் மேலெழும் உயரம், மிகவும் தாழ்வாக இருந்ததால் 1953-ஆம் ஆண்டின் தொடக்க அச்சுகளில் கூந்தலின் இழைகளும் தோள் நாடாவும் மங்கலாகவே விழுந்தன. பிறகு அச்சைத் திருத்தி அவற்றை ஆழப்படுத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்கு முந்தைய காசு ஒன்றும் பிந்தைய காசு ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. உருப்பெருக்கியின் கீழ் முந்தையதைப் பார்த்தால் தோள் இருக்கும் இடம் தெரியும், நாடா தெரியாது. பிந்தையதில் இரண்டு கோடுகள் தெளிவாக இருக்கும். அந்த இரண்டு கோடுகளுக்காக மீண்டும் உளியை எடுத்த கைகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

கிரீடம் இல்லாததால் அது அரசி என்று யாருக்காவது தெரியாமல் போனதா? பிரிட்டனில் ஒருவரும் அப்படிக் கேட்டதாக நான் படித்ததில்லை. புனித வியாழன் அன்று முதியோருக்கு அரசர் கையால் வழங்கும் வெள்ளி 'மாண்டி' காசுகளில் இதே கில்லிக் உருவம் 1953 முதல் 2022 வரை மாறவே இல்லை. புழக்கக் காசுகளில் நான்கு முறை முகம் மாறியபோதும் இந்தக் காசில் மட்டும் பழைய முகத்தையே வைத்திருந்தீர்கள். அது போதுமானது, நல்லது என்று உங்கள் குழுவே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். கில்லிக்கின் அந்த எளிய முகம் எங்கள் முன்னோர் கைக்கு வரவில்லை. பிரிட்டனுக்கும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்கும் கிரீடம் இல்லாத அரசி போனார். குடியேற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போனது வேறோர் அரசி: செசில் தாமஸ் செய்த, கிரீடம் சூடிய தலை. மலாயா, ஹாங்காங், மொரிஷியஸ் காசுகளில் அந்தத் தலைதான். இலங்கை 1948-லேயே விடுதலை பெற்றிருந்தும் அதன் 1955-ஆம் ஆண்டு இரண்டு சதக் காசில் அதே கிரீடம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும், பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் கூலியாகக் கையில் வாங்கிய அரசி அவர்தான்.

மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ இருபது சதக் காசு ஒன்று இதை எழுதும் மேசையில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கைமாறி வந்தது. வெள்ளி நிறம் மங்கி, ஓரங்கள் தேய்ந்துவிட்டன. முகத்துக்கு நிகரான இடத்தைக் கிரீடமே எடுத்துக்கொண்டிருக்கிறது. நெற்றிக்கு மேலே கல் பதித்த பட்டை, அதன்மேல் வளைவுகள், உச்சியில் சிலுவை. அந்தக் கனத்தின் கீழே கண்ணும் மூக்கும் ஒதுங்கியிருக்கின்றன. நாட்பட்ட புழக்கத்தில் கன்னமும் மூக்கும் வழவழப்பாகிவிட்டன. கிரீடம் மட்டும் இன்னும் எண்ணக்கூடிய கோடுகளோடு நிற்கிறது. உங்கள் ஊர்க் காசில் 'கடவுள் அருளால் அரசி' என்று லத்தீனில் எழுதியிருந்த இடத்தில், எங்கள் காசில் 'குவீன் எலிசபெத் தி செகண்ட்' என்று நேரடியான ஆங்கிலம். மலாயா 1957-இல் விடுதலை பெற்ற பிறகும் அந்தக் கிரீடத் தலை பல ஆண்டுகள் அங்கே புழங்கியது. 1967-இல்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தத்தம் காசுகளுக்கு மாறின.

இது எலிசபெத் காலத்தில் தொடங்கிய வழக்கமும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் பிரிட்டன் காசுகளில் வெறுந்தலையோடு இருந்தார்கள். அதே ஆண்டுகளில் இந்திய ரூபாயில் கிரீடத்தோடு இருந்தார்கள். உள்ளூர் மக்களுக்கு மனிதராகவும், கடல் கடந்த மக்களுக்குக் கிரீடமாகவும் அரசர் காட்டப்பட்டார். இதைக் குற்றச்சாட்டாக உங்கள் முன் வைக்கவில்லை. அதைச் செய்தவர்கள் யாரும் இன்று உங்கள் குழுவில் இல்லை. ஆனால் நாணயத்தில் கிரீடம் எங்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரிகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இன்று லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் கோலாலம்பூரிலும் உங்கள் நினைவு நாணயங்களை வாங்கிச் சேர்ப்பவர்களில் என்னைப் போன்றவர்கள் பலர் உண்டு. அந்த அம்மையாரை நாங்கள் நினைக்க விரும்புகிறோம். அவர் தலைமேல் இருந்த அரசாட்சியை நினைவுநாள் கொண்டாட எங்களால் முடியாது.

காசின் எழுத்துகளில் இந்தத் திருத்தத்தை உங்கள் முன்னோர் தாங்களாகவே செய்திருக்கிறார்கள். இந்தியா விடுதலை பெற்றதும் 1949 முதல் 'இந்தியப் பேரரசர்' என்ற சுருக்கெழுத்தைப் பிரிட்டன் காசுகளிலிருந்து எடுத்தார்கள். 1953-ஆம் ஆண்டுக் காசுகளில் 'பிரிட்டானியர் நாடுகள் அனைத்துக்கும்' அரசி என்று பொருள்படும் சொற்கள் இருந்தன; காமன்வெல்த் நாடுகள் தத்தம் வழியில் நடக்கத் தொடங்கிய அந்நாளில் அது பொருந்தாது என்று 1954-இலேயே நீக்கிவிட்டார்கள். காலம் மாறும்போது காசும் மாறவேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கமே.

கிரீடத்தை எடுத்துவிடுவது அரசியாருக்குக் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு 2022 செப்டம்பர் 19-ஆம் நாள் விண்ட்சரின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் நடந்ததை நினைவூட்டுவேன். சவப்பெட்டியின் மேல் கிரீடமும் கோளமும் செங்கோலும் வைக்கப்பட்டிருந்தன. உடல் கீழறைக்கு இறங்குமுன் அரச நகைப் பொறுப்பாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவை பீடத்தில் வைக்கப்பட்டன. அரண்மனையின் தலைமை அலுவலர் தம் கோலை முறித்துப் பெட்டியின் மேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் பெட்டி இறங்கியது. கோடிக்கணக்கான மக்கள் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி அது. கிரீடம் பதவிக்கு உரியது, அது இங்கேயே தங்கும், எலிசபெத் என்ற மனிதர் அதை விட்டுப் போகிறார் என்பதை அந்தச் சடங்கே சொல்லிவிட்டது. அவர் மண்ணுக்குள் போகுமுன் எடுக்கப்பட்ட கிரீடத்தை அவர் நினைவு நாணயத்தில் மறுபடியும் எதற்காகச் சூட்டவேண்டும்?

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாணயத்தில் முதுமையைக் காட்ட உங்கள் நாட்டுக்கு அச்சம் இருந்ததில்லை. விக்டோரியா அரசிக்கு 1887-இல் ஜோசப் போம் செய்த பொன்விழா உருவத்தில் முக்காட்டின் உச்சியில் ஒரு சின்னஞ்சிறு கிரீடம் ஒட்டிக்கொண்டிருந்தது. விழுந்துவிடும் போல இருக்கிறது என்று மக்கள் நகைத்தார்கள். 1893-இல் தாமஸ் பிராக் அதற்குப் பதிலாக முக்காடிட்ட முதிய கைம்பெண்ணைச் செய்தார். சிறு அணி ஒன்று அதிலும் உண்டு. ஆனால் கண் முதலில் போய் நிற்பது தொய்ந்த கன்னத்திலும் இறுகிய வாயிலும்தான். விக்டோரியாவின் நாணய உருவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது. அதைப் பார்க்கும்போது ஒரு நீண்ட வாழ்க்கை கண்முன் நிற்கிறது.

எலிசபெத்தின் ஐந்து உருவங்களில் அந்த நேர்மை 1998-இல் வந்தது. அதற்கு முன் 1968-இல் புழக்கத்துக்கு வந்த ஆர்னால்ட் மேச்சினின் தலை நேர்த்தியானது. பாட்டியார் மேரி அரசி திருமணப் பரிசாகக் கொடுத்த டியாரா அதில் இருக்கிறது. 1985-இல் ரஃபேல் மக்லூஃப் செய்ததில் நெற்றிப்பட்டம் வந்தது, வயது வரவில்லை. ரேங்க் பிராட்லிதான் எழுபதைக் கடந்த ஒரு பெண்மணியை எழுபதைக் கடந்தவராகவே செய்தார். ஐந்து, பத்து, ஐம்பது பென்ஸ் காசுகள் அளவில் சிறுத்துவிட்டதால் தலையைப் பெரிதாக்கிக் காசின் முழுவட்டத்தையும் நிரப்பினார். மோவாயின் கீழே சதை தொங்குவது தெரியும். கண்ணிமை கனத்திருப்பது தெரியும். முகஸ்துதி அதில் துளியும் இல்லை. மரியாதையும் சற்றும் குறையவில்லை. 2015-இல் ஜோடி கிளார்க் செய்த ஐந்தாவது உருவம் அழகானதுதான், ஆனாலும் எண்பத்தொன்பது வயதை அது மென்மையாக்கிவிட்டது என்பது என் எண்ணம். தொண்ணூறு வயதுக்குப் பிந்தைய அரசியாரின் முகம் உங்கள் புழக்கக் காசு எதிலும் பதிவாகவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. நினைவு நாணயம்தான் அதை நிரப்ப முடியும்.

அந்த முகம் எப்படி இருந்தது என்பதற்கு 2022 செப்டம்பர் 6-ஆம் நாள் பால்மோரலில் எடுத்த படங்களைப் பாருங்கள். புதிய பிரதமரை வரவேற்கக் கணப்பின் முன்னே நிற்கிறார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கட்டம் போட்ட பாவாடை, இடக்கையில் ஊன்றுகோல், கழுத்தில் முத்துமாலை. சிரிக்கிறார். இரண்டே நாளில் மறைந்துவிட்டார். அவரை அரசியாக ஏற்றவர்களும் ஏற்காதவர்களும், கடைசி மூச்சு வரை வேலையைக் கைவிடாத ஒரு மூதாட்டியை அந்தப் படத்தில் பார்த்தார்கள். என் வீட்டில் அரசாட்சி வேண்டாம் என்று உறுதியாக வாதிடுபவர்களும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்து அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

நீங்கள் நியமிக்கும் சிற்பியிடம் அந்த முகத்தைக் கேளுங்கள். வலப்புறம் நோக்கிய பக்கவாட்டுத் தோற்றமே இருக்கட்டும். எழுபது ஆண்டுகள் அவரை அந்தத் திசையில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். காதோரம் மடியும் சுருள்கூந்தல், கனத்த கண்ணிமை, வாயோரத்துக் குழி, தளர்ந்த கழுத்து, அதில் அவர் எப்போதும் அணிந்த மூன்று சர முத்துமாலை. முத்துமாலையை நான் மறுக்கவில்லை, அது அவர் நாள்தோறும் அணிந்தது, அவருடையது. 38.61 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐந்து பவுண்டு நாணயத்தில் இவ்வளவுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. நாய்களோடும் குதிரைகளோடும் மலைப்புல்லில் நடக்கையில் அவர் கட்டியிருந்த தலைத்துண்டை வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஒரு தனி நாணயத்துக்கு அது நன்றாக இருக்கும். என் முதல் விருப்பம் திறந்த தலையே.

இப்படி ஒரு முன்னுதாரணம் இல்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. கனடா 2003-இல் சுசானா பிளண்ட் செய்த உருவத்தை ஏற்றபோது அரசியார் தலையில் எந்த அணியும் இல்லை. கிரீடமோ டியாராவோ இலைமாலையோ எதுவுமே இல்லாமல் ஒரு மூதாட்டியின் தலை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கனடா மக்களின் பைகளில் புழங்கியது. 2022 டிசம்பரில் கனடா அவர் நினைவாக வெளியிட்ட இரண்டு டாலர் காசிலும் அதே தலைதான். மறுபுறம் வழக்கமான பனிக்கரடி. வெளிவளையத்தை மட்டும் கறுப்பாக்கினார்கள். துக்கத்துக்குக் கையில் கட்டும் கறுப்புப் பட்டையை அது நினைவூட்டியது. கிட்டத்தட்ட 50 லட்சம் காசுகள் கடைச் சில்லறையாகவே மக்களிடம் போய்ச் சேர்ந்தன. அவர் மறைவுக்குப் பின் வந்த நினைவுக் காசுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தோம். கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பழைய பெயரை இன்று தாங்கியிருக்கும் வணிக நிறுவனம் 2023-இல் அரசியார் நினைவாக ஒரு படைப்பை வெளியிட்டது. மூன்று கிலோவுக்கு மேல் தங்கம், 6,400-க்கும் மேற்பட்ட வைரங்கள். உழைத்தவர்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது கண் வைரத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு முகம் இருப்பது பிறகுதான் தெரிகிறது. அது உங்கள் வெளியீடு அல்ல. ஆயினும் சேகரிப்புச் சந்தை எந்தத் திசையில் இழுக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. வண்ணம் பூசு, கல் பதி, மினுமினுப்பாக்கு என்ற குரல் உங்களிடமும் வரும். நினைவு நாணயத்தில் உலோகமும் புடைப்பும் தவிர வேறொன்றையும் அனுமதிக்காதீர்கள். புடைப்பின் மேல் ஒளி விழுந்து நிழல் சாய்வதால்தான் நாணயத்தில் முகம் உயிர்பெறுகிறது. சாயம் பூசினால் அந்த நிழல் இறந்துவிடும்.

அணிகளைக் கூட்டக் கூட்டப் பிழைக்கும் இடம் கூடும். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் இந்திய ரூபாய்க்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. மன்னரின் அங்கியில் தொங்கிய பதக்கச் சங்கிலியில் செதுக்கிய சிறு யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. மக்கள் அதைத் தொடவே கூசினார்கள். அந்தக் காசுகளில் பெரும்பகுதியைத் திரும்ப உருக்க வேண்டியதாயிற்று; 1912-இல் யானையைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருள். லண்டனில் வரைந்தவர் கண்ணுக்கு யானையாகத் தெரிந்தது, காசை வாங்கியவர் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. கிரீடத்தின் கதையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை.

எழுத்துகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். 'எலிசபெத்', '1926–2022' என்ற அளவே போதும். எத்தனையாவது எலிசபெத் என்பதைக்கூடச் சேர்க்கத் தேவையில்லை. பட்டங்கள் தலைப் பக்கத்து மன்னருக்குப் போகட்டும்.

விலை பற்றி ஒரு வேண்டுகோள். தங்கத்திலும் வெள்ளியிலும் கண்ணாடிப் பளபளப்போடு புரூஃப் நாணயங்கள் செய்யுங்கள், விற்றுக்கொள்ளுங்கள். அந்த வருமானம் உங்களுக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதே அச்சில், அதே சிற்பி செய்த அதே முகத்தை, செம்பு நிக்கலில் முகமதிப்புக்கே அஞ்சலகங்களில் கிடைக்கச் செய்யுங்கள். 1977 வெள்ளிவிழா நாணயத்தை சுமார் 3 கோடியே 70 லட்சம் அச்சிட்டீர்கள். இன்றும் பழங்காசுக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் அதிலிருந்துதான் சேகரிப்பைத் தொடங்குகிறார்கள். எண்ணிக்கை கூடியதால் அந்த நாணயத்தின் மதிப்புக் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் முதலீட்டாளர்கள், சேகரிப்பாளர்கள் அல்லர். மொத்தம் 96 லட்சம் ஐம்பது பென்ஸ் நினைவுக் காசுகளை 2022 இறுதியிலிருந்து புழக்கத்துக்கு விடத் தொடங்கியபோது அஞ்சலகங்களில் மக்கள் வரிசையில் நின்று கேட்டு வாங்கியதையும் பார்த்தீர்கள். அந்தக் காசின் பூப் பக்கத்தில் 1953 முடிசூட்டு விழா நாணயத்தின் கேடயங்கள் இருந்தன. அரசியாரின் முகம் இல்லை. வரிசையில் நின்ற அவ்வளவு பேருக்கும் ஒரு முகத்தைக் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

எதிர்வாதம் ஒன்று உண்மையிலேயே கனமானது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அரசியார் உயிரோடு இருந்தபோது டியாராவும் நெற்றிப்பட்டமும் கொண்ட நான்கு உருவங்களுக்கு அவரே ஒப்புதல் கொடுத்தார். தம்மை எப்படிக் காட்டவேண்டும் என்பதில் அவர் விருப்பம் அதுவானால், மறைந்த பிறகு அதை மீறலாமா? எனக்குத் தோன்றும் விடை இது: அவர் ஒப்புதல் கொடுத்தவை ஆளும் அரசியாகத் தலைப் பக்கத்தில் இருப்பதற்கான உருவங்கள். அந்தப் பக்கத்தில் அவை உரிய இடத்தில் இருக்கின்றன. அவர் முகம் தாங்கிய சுமார் 2,700 கோடிக் காசுகள் அவர் மறைந்தபோது பிரிட்டனில் புழக்கத்தில் இருந்தன. அந்த விருப்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கில்லிக்கின் கிரீடமில்லாத தலைக்கும் அவர்தான் ஒப்புதல் கொடுத்தார், கனடாவின் பிளண்ட் உருவத்துக்கும் அவர் காலத்தில்தான் இடம் கிடைத்தது. முதுமையைக் காட்டியதற்காக ரேங்க் பிராட்லியின் தலையை அவர் தடுக்கவும் இல்லை.

உங்கள் குழு 1922-இல் அமைக்கப்பட்டது. இளவரசர் பிலிப் 1952 முதல் 1999 வரை அதன் தலைவராக இருந்தார். தம் மனைவியின் முகம் காசில் எப்படி வரவேண்டும் என்று நாற்பத்தேழு ஆண்டுகள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த மேசை உங்களுடையது. அந்த மேசையின் கவனம் என்னைப் போன்ற சேகரிப்பாளர்களுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

அடுத்த நினைவு நாணயத்துக்குச் சிற்பிகளை அழைக்கும்போது, 'கிரீடமோ பிற தலையணிகளோ இல்லாத, முதிய வயதுத் தோற்றம்' என்ற ஒரு வரியை அழைப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்கு முன் வரும் பிளாஸ்டர் மாதிரிகளை, கணினிப் படங்களாக அல்லாமல் மாதிரிகளாகவே, சவுத் வேல்ஸில் லான்ட்ரிசன்ட்டில் உள்ள உங்கள் காட்சிக்கூடத்தில் சில வாரங்கள் வையுங்கள். லண்டனிலும் ஓரிடத்தில் வைத்தால் நன்று. மக்கள் வந்து பார்த்துத் தங்கள் கருத்தை எழுதிக்கொடுக்கட்டும். நானும் வந்து எழுதிக்கொடுப்பேன். மலாயாக் காசையும் உடன் கொண்டுவருகிறேன். உங்கள் சிற்பிகள் கையில் எடுத்துப் பார்க்க விரும்பினால் தருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லண்டனிலிருந்து ஒரு தமிழ் நாணயச் சேகரிப்பாளன்